போர்முனைக்குப் புறப்படும் தலைமையகத்தில் போதிய ஆட்கள் இருக்கிறார்களா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது எந்தத் தலைமையகங்களைப் பற்றி?

அமெரிக்கத் தரைப்படையின் டிவிஷன், கோர் ஆகிய இரு மட்டங்களின் தலைமையகங்களைப் பற்றி. பல்லாயிரம் வீரர்கள் கொண்ட டிவிஷனுக்கு ஒரு மேஜர் ஜெனரலும், பல டிவிஷன்களை வழிநடத்தும் கோருக்கு ஒரு லெப்டினன்ட் ஜெனரலும் தலைமை தாங்குகிறார்கள். அவர்களுக்குக் கீழே ஜி-1 ஆள் நிர்வாகத்தையும், ஜி-2 உளவுத் தகவலையும், ஜி-3 நடவடிக்கைகளையும், ஜி-4 வழங்கலையும், ஜி-5 திட்டமிடலையும், ஜி-6 தொடர்பு வலையமைப்பையும் பார்த்துக்கொள்கின்றன. அமைதிக்காலத்தில் ஒரே கட்டடத்தில் இயங்கும் இந்தப் பிரிவுகள், போர் வந்தால் முதன்மைக் கட்டளை நிலையம், முன்களக் கட்டளை நிலையம், பின்களக் கட்டளை நிலையம் என்று பிரிந்து நிற்க வேண்டும். கூடாரம் அடிப்பவர், ஜெனரேட்டர் ஓட்டுபவர், காவல் நிற்பவர், வண்டி ஓட்டுபவர் அனைவரும் தலைமையகப் பட்டாலியன் என்ற அமைப்பில் வருகிறார்கள். தலைமையகம் என்றதும் வரைபடத்தின் முன் நிற்கும் அதிகாரிகளையே நினைத்துக்கொள்வதால், இந்தப் பட்டாலியனில் உள்ள குறைகள் கணக்கெடுப்பில் எளிதாகத் தப்பிவிடுகின்றன.

அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. அந்தப் படையின் தலைமையகப் பற்றாக்குறைகளும் அவற்றைச் சரிசெய்ய எடுக்கப்பட்ட முயற்சிகளும் விசாரணை அறிக்கைகளாகப் பொதுவில் கிடைக்கின்றன.

ஆள் நிறைவை எப்படி அளக்கிறார்கள்?

ஒவ்வொரு பிரிவுக்கும் எம்டிஓஇ எனப்படும் பணியிட, தளவாட அட்டவணை ஒன்று உண்டு. போரில் அந்தப் பிரிவுக்குத் தேவைப்படும் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் ஒப்பளிக்கப்பட்டவை எத்தனை என்று அதில் இரண்டு எண்கள் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையிலான முதல் இடைவெளி, ஒரு ஆள்கூட விடுப்பில் போவதற்கு முன்பே காகிதத்தில் தோன்றிவிடுகிறது. ஒப்பளிக்கப்பட்ட இடங்களில் உண்மையில் நிரப்பப்பட்டவை எத்தனை என்பது மூன்றாவது எண். நிரப்பப்பட்டவர்களில் மருத்துவக் காரணமோ, பயிற்சி வகுப்போ, இடமாற்ற ஆணையோ, வழக்கு விசாரணையோ இல்லாமல் நாளையே விமானம் ஏறக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பது நான்காவது எண். இந்த நான்காவது எண் எவ்வளவு தொல்லை கொடுத்தது என்பதற்கு 2018-ஆம் ஆண்டின் ஆணை ஒன்றே சான்று. தொடர்ந்து 12 மாதங்களுக்கு மேல் போர்முனைக்கு அனுப்ப இயலாத நிலையில் இருப்பவர்களைப் பணியிலிருந்து விடுவிக்கும் நடைமுறையைத் தொடங்கலாம் என்று பாதுகாப்புத் துறை அந்த ஆண்டில் அறிவித்தது.

மாதாந்தர ஆயத்தநிலை அறிக்கையில் ஆள் பலம் பி-1 முதல் பி-4 வரை தரப்படுத்தப்படுகிறது. புறப்படத்தக்க ஆட்கள் 90 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் பி-1. 80 முதல் 89 வரை பி-2. 70 முதல் 79 வரை பி-3. அதற்கும் கீழே பி-4. மொத்த எண்ணிக்கையோடு, பணிக்குரிய தொழில் தகுதி பெற்றவர்கள் எத்தனை விழுக்காடு, மேல்நிலைப் பதவிகளில் எத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளது என்ற இரண்டு அளவுகளும் பார்க்கப்படுகின்றன. மூன்றில் எது தாழ்ந்ததோ அதுவே பிரிவின் தரமாகிறது.

அப்படியானால் பி-1 பெற்ற தலைமையகம் போருக்குத் தயார் என்று கொள்ளலாமா?

கொள்ளக்கூடாது. காலாட்படை பட்டாலியன் ஒன்றுக்கு விழுக்காட்டுக் கணக்கு ஓரளவு பொருந்தும். அங்கே ஒரே வகைப் பணியைச் செய்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் பத்துப் பேர் குறைந்தாலும் மீதியானவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். தலைமையகத்தில் ஒவ்வொரு நாற்காலியும் ஏறக்குறைய தனித்தன்மை உடையது. இலக்குத் தேர்வு அதிகாரி, வான்வெளி ஒருங்கிணைப்பாளர், பாலம் அமைக்கும் திட்டத்தைப் போடும் பொறியியல் அதிகாரி, அலைவரிசை மேலாளர் ஆகியோரில் ஒருவர் இல்லையென்றால், பக்கத்து நாற்காலியில் இருப்பவர் அந்த வேலையைக் கையில் எடுக்க முடியாது. மற்ற எல்லா ஊழியர்களும் பணியில் இருக்கும் ஒரு மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணரின் இடம் மட்டும் காலியாக இருந்தால் அன்றைய அறுவைச் சிகிச்சை எதுவும் நடக்காது. வருகைப் பதிவேட்டில் மட்டும் 98 விழுக்காடு இருக்கும்.

மதிப்பீடு செய்பவர் கேட்க வேண்டியது, எந்தப் பணி, எந்த நேரத்தில், எந்த இடத்தில், எத்தனை நாட்களுக்கு ஆளில்லாமல் நிற்கும் என்பதே. விழுக்காடு அந்த நான்கையும் ஒரே எண்ணுக்குள் மூடி மறைக்கிறது.

ஆள் போதாத தலைமையகத்தால் என்ன நேரும்? உண்மையான எடுத்துக்காட்டு உண்டா?

2003-ஆம் ஆண்டு பாக்தாத் உண்டு. அதைவிடத் தெளிவான பதிவு அண்மைக் காலத்தில் வேறு இல்லை என்பது என் கருத்து.

அந்த ஆண்டு மார்ச்சில் ஈராக்குக்குள் நுழைந்த தரைப்படைகள் அனைத்தையும் வழிநடத்தியது, லெப்டினன்ட் ஜெனரல் டேவிட் மெக்கியர்னன் தலைமையில் குவைத்தில் நீண்ட காலம் திட்டமிட்டு ஆள் சேர்த்துவைத்திருந்த பெரிய தலைமையகம். ஐந்தாவது கோர் அதற்குக் கீழே ஓர் அங்கமாகப் போரிட்டது. பாக்தாத் வீழ்ந்த சில வாரங்களில், பெரிய சண்டை முடிந்துவிட்டது என்ற நினைப்பில், மேலே இருந்த அந்தத் தலைமையகம் விலகிக்கொண்டது. 2003 ஜூனில் ஐந்தாவது கோரின் தலைமையகமே ‘ஒருங்கிணைந்த கூட்டுப் பணிப்படை 7’ என்ற பெயரில் ஈராக் முழுமைக்கும் பொறுப்பேற்றது. அப்போதுதான் பதவி உயர்வு பெற்ற லெப்டினன்ட் ஜெனரல் ரிக்கார்டோ சான்செஸ் அதன் தலைவரானார். டிவிஷன்களுக்கு அன்றாடக் கட்டளை கொடுப்பது, நாடு தழுவிய போர்த் திட்டம் வகுப்பது, கூட்டணி நாடுகளோடும் இடைக்கால நிர்வாகத்தோடும் அரசியல் மட்டத்தில் பேசுவது ஆகிய மூன்று அடுக்கு வேலைகளும் ஒரே தலைமையகத்தின் மேல் விழுந்தன. அது முதல் அடுக்குக்காக மட்டும் வடிவமைக்கப்பட்டது.

புதிய பொறுப்புக்கு எத்தனை பேர் தேவை என்று காட்டும் கூட்டுப் பணியிட ஆவணம் ஒன்று தயாரிக்கப்பட வேண்டியிருந்தது. முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஜேம்ஸ் ஷ்லெசிங்கர் தலைமையிலான சுதந்திரக் குழு 2004 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்த ஆவணத்துக்கு இறுதி ஒப்புதல் கிடைத்தது 2003 டிசம்பரில்தான். அதற்குள் கிளர்ச்சி தொடங்கி ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. ஒப்பளிக்கப்பட்ட 1,400 பேரில் ஒரு கட்டத்தில் 495 பேர் மட்டுமே இருந்தார்கள் என்றும் அதே அறிக்கை பதிவு செய்கிறது. கணக்குப் போட்டால் 35 விழுக்காடு வருகிறது. மேலே சொன்ன அளவுகோலில் பி-4-க்குக் கீழே இன்னொரு படி இருந்தால் அங்கேதான் வைக்க வேண்டும்.

இதன் விளைவு எங்கே வெடித்தது என்பது உலகம் அறிந்தது. 2003 அக்டோபரில் அபு கிரைப் சிறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரை அடைக்கப்பட்டிருக்க, காவலுக்கு இருந்தவர்கள் சுமார் 90 பேர். கைதிகள் முகாம்களை மேற்பார்வையிட வேண்டிய தலைமையக ஊழியர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லை. இருந்தவர்களுக்கும் யார் யாருக்குக் கீழே என்பது தெளிவில்லை. ஆள் பற்றாக்குறை, அமெரிக்கப் படையினர் அங்கே கைதிகளுக்கு இழைத்த கொடுமைகளுக்குச் சமாதானம் ஆகிவிடாது. சான்செஸும் அவருடைய துணைத் தலைவரும் மேற்பார்வையை உறுதிசெய்யத் தவறினார்கள் என்று குழு வெளிப்படையாகவே எழுதியது. ஆனால், கீழே நடப்பதைக் கண்டு மேலே சொல்லவேண்டிய கண்கள் அந்த நாற்காலிகளில் இல்லை என்பதும் அதே அறிக்கையின் செய்தி.

2004 மே 15 அன்று அந்தத் தலைமையகம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அரசியல், போர்த்தந்திர மட்டத்துக்கு ஒன்று, களக் கட்டளைக்கு மற்றொன்று. ஓராண்டுக்கு முன்பே மதிப்பிட்டிருக்கக்கூடிய ஒரு தேவையை ஓராண்டு கழித்து ஒப்புக்கொண்டார்கள்.

தேவையான எண்ணிக்கையை எங்கிருந்து கணக்கிடத் தொடங்குவது?

பணியிலிருந்து தொடங்க வேண்டும். இருக்கும் அட்டவணையிலிருந்து தொடங்கினால், அட்டவணையை எழுதியவரின் அனுமானங்களும் கூடவே வந்துவிடும். ஈராக், ஆப்கானிஸ்தான் ஆண்டுகளில் டிவிஷன் தலைமையகங்கள் சுவர் எழுப்பிய நிலையான முகாம்களில், குளிரூட்டப்பட்ட அறைகளில் இயங்கின. இடம் மாறத் தேவையில்லாததால் ஓட்டுநர்களும் காவலர்களும் குறைவாகப் போதுமானவர்களாக இருந்தார்கள். 2017 அக்டோபரில் வெளியான தரைப்படையின் புதிய களக் கையேடு பெரும் நாடுகளுக்கு இடையிலான முழுஅளவுப் போரை மீண்டும் முன்னிறுத்தியபோது, அதே தலைமையகங்கள் நகர்ந்துகொண்டே கட்டளையிட வேண்டிய நிலை திரும்பியது.

கணக்கைச் சின்ன அளவில் போட்டுப் பார்க்கலாம். இரவும் பகலும் ஆள் இருக்க வேண்டிய ஒரு நாற்காலிக்கு, 12 மணி நேர முறைப்பணியில் இரண்டு பேர் தேவை. வாரத்துக்கு ஒருவருக்கு 84 மணி நேரம் வருகிறது. சில வாரங்கள் தாக்குப்பிடிக்கலாம். மாதக்கணக்கில் போனால் உடல்நலக்குறைவும் விடுப்பும் சேர்ந்து மூன்றாவது ஆளைக் கேட்கும். அந்தப் பணி மூன்று கட்டளை நிலையங்களிலும் நடக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் ஆறு பேராகிறார்கள். இந்த முறைப்பணி வட்டத்துக்கு வெளியே, அடுத்த வாரச் சண்டையைத் திட்டமிடும் குழுவுக்குத் தனி ஆட்கள் வேண்டும். அன்றைய நெருக்கடிக்கு ஆள் போதாதபோது முதலில் பறிபோவது இந்தத் திட்டமிடும் குழுதான். அதனால் தலைமையகம் நிகழ்காலத்தில் சிக்கி, மூன்று நாளுக்கு அப்பால் பார்க்கும் திறனை இழக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லா நாற்காலிகளிலும் ஆள் இருப்பதுபோலவே தோன்றும்.

இன்னொன்றும் கணக்கில் வர வேண்டும். தலைமையகம் முழுவதுமாகப் புறப்படுவதில்லை. 2014 இலையுதிர் காலத்தில் முதல் காலாட்படை டிவிஷனின் தலைமையகத்திலிருந்து சுமார் 500 பேர் ஈராக் பணிக்காக அனுப்பப்பட்டார்கள். எஞ்சியோர் கேன்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ரைலியில் இருந்து பயிற்சி, குடும்பநலன், முகாம் நிர்வாகம் ஆகியவற்றைத் தொடர வேண்டியிருந்தது. வீட்டில் விட்டுச் செல்ல வேண்டியவர்களையும் சேர்த்து எண்ணாத மதிப்பீடு, ஒரே ஆளை இரண்டு ஊர்களில் நிறுத்திவிடுகிறது.

2013-இல் தலைமையகங்கள் குறைக்கப்பட்டன என்கிறார்களே, அது என்ன?

2013 கோடையில் பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல், பெரிய தலைமையகங்களின் செலவை 20 விழுக்காடு குறைக்கப் பணித்தார். தரைப்படை அதையும் தாண்டி, இரண்டு நட்சத்திர ஜெனரல்களும் (மேஜர் ஜெனரல்கள்) அதற்கு மேற்பட்டவர்களும் தலைமை தாங்கும் தலைமையகங்களில் 25 விழுக்காட்டைக் குறைக்க முடிவெடுத்தது. நிதி நெருக்கடியில் போரிடும் பிரிகேடுகளைக் காப்பாற்ற வேண்டும், அலுவலகங்களை வெட்டலாம் என்ற எண்ணம் இதன் பின்னால் இருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பென்டகன் வளாகத்தில் கோப்பு நகர்த்தும் தலைமையகத்துக்கும், போர்முனைக்குச் செல்லும் டிவிஷன் தலைமையகத்துக்கும் ஒரே கத்தி பயன்படுத்தப்பட்டது.

வெட்டப்பட்ட பணியிடங்களின் தேவை மறைந்துவிடவில்லை என்பது படைக்கும் தெரியும். அதனால், முழுநேரப் படையிலிருந்து எடுத்த இடங்களில் ஒரு பகுதியை மாநிலங்களின் தேசியக் காவல் படையிலும் ரிசர்வ் படையிலும் தனிச் சிறு பிரிவுகளாக அமைத்தார்கள். ஒவ்வொரு டிவிஷனுக்கும் கோருக்கும் ஒன்று என இணைக்கப்பட்ட இவை முதன்மைக் கட்டளை நிலையத் துணைப்பிரிவுகள். அமைதிக்காலத்தில் பகுதிநேரம், போர் வந்தால் தலைமையகத்தோடு சேர்ந்து முழுநேரம் என்பது ஏற்பாடு.

என் பார்வையில் இது செலவைக் குறைத்த ஏற்பாடு. கூடவே ஆபத்தைக் காலத்துக்குள் நகர்த்திய ஏற்பாடும்கூட. முன்பு ‘ஆள் இருக்கிறாரா’ என்று கேட்ட இடத்தில் இப்போது ‘ஆள் எத்தனையாவது நாள் வருவார்’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. தேசியக் காவல் படை வீரருக்கு மாதத்துக்கு ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் என்று மொத்தம் சுமார் 39 பயிற்சி நாட்கள். டிவிஷன் தலைமையகத்தின் கணினி அமைப்புகள் கையில் பழகுவதற்கும், அந்த ஜெனரல் எதை எப்படிக் கேட்பார் என்று தெரிந்துகொள்வதற்கும் அந்த நாட்கள் போதுமா என்பது ஐயத்துக்குரியது. துணைப்பிரிவு ஒரு மாநிலத்திலும் டிவிஷன் வேறொரு மாநிலத்திலும் இருந்தால், ஒரு வார இறுதியின் பாதி பயணத்திலேயே போய்விடும். உயர்நிலை இரகசிய அனுமதி கிடைக்காத உளவுப்பிரிவு வீரர் வந்து சேர்ந்தாலும் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். வெள்ளம், புயல் என்றால் ஆளுநரும் இதே காவல் படையைத்தான் அழைப்பார்.

பகுதிநேரப் படையினரை வேண்டிய நேரத்தில் அழைத்துக்கொள்ள முடியாதா?

எந்தச் சட்டப் பிரிவின் கீழ் அழைப்பது என்பதைப் பொறுத்தது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் 12304-பி என்ற பிரிவு 2012 நிதியாண்டுச் சட்டத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. முன்கூட்டியே திட்டமிட்ட பணிகளுக்கு 365 நாட்கள் வரை ரிசர்வ் படையினரை இதன் கீழ் அழைக்கலாம்; ஆனால் அந்தப் பணியும் அதற்கான செலவும் வரவுசெலவுத் திட்ட ஆவணங்களில் இடம்பெற்றிருக்க வேண்டும். சுழற்சி முறையில் ஐரோப்பாவுக்கோ குவைத்துக்கோ போகும் டிவிஷனுக்கு இது உதவும். எதிர்பாராமல் வெடிக்கும் நெருக்கடி வரவுசெலவுத் திட்டத்தில் இருப்பதில்லை. அதற்குக் குடியரசுத் தலைவரின் அழைப்பாணையோ, நெருக்கடிநிலை அறிவிப்புடன் கூடிய பகுதியளவு அணிதிரட்டலோ வேண்டும். அவை அரசியல் முடிவுகள். அவற்றுக்கான நாள் கணக்கைப் படை அதிகாரி யாரும் உறுதி சொல்ல முடியாது.

2022 மார்ச்சில் ஐந்தாவது கோரின் முதன்மைத் தலைமையகம் ஜெர்மனிக்குப் புறப்பட்டதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2013-இல் கலைக்கப்பட்டு, 2020-இல் கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் மீண்டும் தொடங்கப்பட்ட கோர் அது. சுமார் 635 பேர் கொண்டதாகத் திட்டமிடப்பட்டு, அதில் ஏறத்தாழ 200 பேர் ஐரோப்பாவில் முன்களக் கட்டளை நிலையத்துக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. உக்ரைன் மீதான படையெடுப்புக்கும் அந்தப் புறப்பாட்டுக்கும் இடையில் இருந்தவை வாரங்கள் மட்டுமே. ஒரு துணைப்பிரிவை அழைத்து, மருத்துவச் சோதனை முடித்து, கருவிகளில் பழக்கி அனுப்புவதற்கு வாரங்கள் என்பது மிகக் குறுகிய கால அளவு.

பயிற்சிப் போரில் நன்றாகச் செயல்பட்ட தலைமையகத்தை நம்பலாமா?

ஓரளவு. கேன்சஸின் ஃபோர்ட் லெவன்வொர்த்தைத் தளமாகக் கொண்ட பயிற்சிக் குழு 1987 முதல் டிவிஷன், கோர் தலைமையகங்களுக்குக் கணினி வழிப் போர்ப் பயிற்சிகளை நடத்தி வருகிறது. அங்கே வரும் கண்காணிப்பாளர்களின் குறிப்புகள் எந்த அட்டவணையையும்விட மதிப்புள்ளவை. ஆயினும் அந்தப் பயிற்சி சுமார் பத்து நாள்தான். பத்து நாளை யாரும் தூக்கமில்லாமலே கடத்திவிடுவார்கள். தேதி மாதங்களுக்கு முன்பே தெரியும் என்பதால் துணைப்பிரிவினரையும் வெளியாட்களையும் வரவழைத்து எல்லா இடங்களையும் நிரப்பிவிடுகிறார்கள். பிறகு கோடையில் இடமாற்ற ஆணைகள் வரும். பயிற்சியில் ஒன்றாக உழைத்த மேஜர்களில் பலர் அடுத்த பணிக்குப் போய்விடுவார்கள். பயிற்சிக்கு வந்தவர்களின் பெயர்ப்பட்டியலை ஆறு மாதம் கழித்துப் பணியில் இருப்பவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மலிவான சோதனை, ஆனால் உண்மையைச் சொல்லிவிடும்.

பற்றாக்குறையை அயல்பணியில் ஆட்களை வரவழைத்து நிரப்பினால் என்ன?

நிரப்பலாம், எல்லாப் போர்களிலும் நிரப்பியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர், சட்ட ஆலோசகர், கடற்படைத் தொடர்பு அதிகாரி போன்றவர்களை ஒரு டிவிஷன் எப்போதும் வைத்திருக்க வேண்டியதில்லை. அடிப்படைப் பணிகளுக்கே அயல்பணியாளர்களை நம்பும்போதுதான் கெடுகிறது. வெவ்வேறு நாட்களில் தனித்தனியாக வந்து, வெவ்வேறு நாட்களில் போகிறவர்களால் ஒரு பிரிவு உருவாவதில்லை. அவர்களை அனுப்பிய தலைமையகத்தில் அதே நாளில் ஒரு காலியிடம் உருவாகிறது என்பதையும் மதிப்பீடு காட்ட வேண்டும்.

உக்ரைன் போருக்குப் பிறகு சிறிய தலைமையகமே பாதுகாப்பானது என்கிறார்கள். அப்படியானால் ஆள் குறைப்பு சரிதானே?

இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. 2022-இல் கெர்சோன் அருகே சோர்னோபாயிவ்கா விமானதளத்தில் ரஷ்யக் கட்டளை நிலையங்கள் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டதைக் கண்டபின், ஆன்டெனாக்களும் கூடாரங்களும் நிறைந்த பெரிய கட்டளை நிலையம் எளிய இலக்கு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதற்கான விடை, நிலையத்தைப் பல சிறு முனைகளாகப் பிரித்துச் சிதறவைப்பது. ஒவ்வொரு முனையும் சிறிதாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி ஓட்டுநர், தனித் தொடர்பாளர், தனிக் காவல் வேண்டும். ஒரு முனை அழிந்தால் அதன் பணியை எடுத்துக்கொள்ள இன்னொரு முனையில் தகுதியுள்ளவர் இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் மொத்த ஆள் தேவை குறைவதற்குப் பதிலாகக் கூடவே வாய்ப்பு அதிகம். ஒரு பகுதி ஊழியர்களைத் தாய்நாட்டிலேயே வைத்துச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக வேலை வாங்கலாம் என்பது இன்னொரு யோசனை. இணைப்பு துண்டிக்கப்பட்டால் அந்த நாற்காலிகள் காலி என்றே கொள்ள வேண்டும். எதிரி முதலில் துண்டிக்க நினைப்பதும் அதைத்தான்.

இந்த மதிப்பீட்டை யார் செய்ய வேண்டும்?

தலைமையகம் தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்வது தவிர்க்க முடியாதது. ஆனால் அது மட்டும் போதாது. தன் பிரிவு ஆயத்தமில்லை என்று எழுத எந்தத் தளபதிக்கும் மனம் வராது. மேல்மட்டத் தலைமையகமும் முழுமையான தீர்ப்பாளர் ஆகாது, ஏனென்றால் பணியிடங்களைக் குறைத்தது பெரும்பாலும் அதுவே. பயிற்சிக் குழுவின் கண்காணிப்பாளர்களும் நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான தணிக்கை அமைப்பும் சேர்ந்து பார்ப்பதே நல்லது. அவர்கள் கேட்க வேண்டிய ஆவணம் ஒன்று: பணிவாரியாக, கட்டளை நிலையவாரியாக, அழைப்பு வந்த முதல் நாள், முப்பதாவது நாள், தொண்ணூறாவது நாள் ஆகிய மூன்று தேதிகளில் யார் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று பெயரோடு காட்டும் பட்டியல்.

இந்தியாவில் இந்தக் கேள்வி எப்படி எழுந்தது?

பெரும்பாலும் எதிர்த்திசையிலிருந்து. டெல்லித் தலைமையகத்தில் அதிகாரிகள் மிகுந்தும் களப்பிரிவுகளில் குறைந்தும் இருப்பதாக நெடுநாளாகக் குறை சொல்லப்பட்டது. ஜெனரல் பிபின் ராவத் தரைப்படைத் தளபதியாக இருந்தபோது நடந்த மறுசீரமைப்பில், தரைப்படைத் தலைமையகத்திலிருந்து 206 அதிகாரிகளைக் களப்பிரிவுகளுக்கு மாற்றப் பாதுகாப்பு அமைச்சகம் 2019 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. அவர்களில் 3 பேர் மேஜர் ஜெனரல்கள், 8 பேர் பிரிகேடியர்கள், 9 பேர் கர்னல்கள், மற்ற 186 பேர் லெப்டினன்ட் கர்னல், மேஜர் நிலையினர். அமெரிக்க வெட்டு களத் தலைமையகத்தையும் தொட்டது. இந்தியாவில் நடந்தது களத்தை நோக்கிய இடமாற்றம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

போர்முனைத் தலைமையகம் என்ற கோணத்தில் பார்த்தால், தமிழ் வாசகர்கள் அறிந்த எடுத்துக்காட்டு 1987-இன் இந்திய அமைதிப் படை. லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங், புனேயில் தலைமையகம் கொண்ட தென் பிராந்தியக் கட்டளையின் தலைவராக இருந்துகொண்டே, இலங்கை நடவடிக்கையின் ஒட்டுமொத்தப் படைத் தலைவராகவும் கூடுதல் பொறுப்பு ஏற்றார். அமைதிப் படையின் தலைமையகம் சென்னையில் அமைந்தது. ஜூலை இறுதியில் ஒரே டிவிஷனுடன், ஓர் ஒப்பந்தத்தைக் கண்காணிக்கச் சென்ற படை அக்டோபரில் முழுச் சண்டைக்குள் இழுக்கப்பட்டு, பின்னர் நான்கு டிவிஷன்களாகப் பெருகியது. அமைதி காக்கும் பணிக்கென்று கூடுதல் பொறுப்பாகத் தொடங்கிய ஒரு தலைமையகம் சில மாதங்களில் ஒரு கோரின் அளவிலான போரைக் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து நடத்த வேண்டியிருந்தது. பணி மாறிய அந்த அக்டோபர் நாட்களில், புதிய பணிக்கு இந்தத் தலைமையகம் போதுமா என்று மறு கணக்கெடுப்பு முதலில் நடந்திருக்க வேண்டும். பிரிகேடுகளைக் கூட்டுவது அதற்குப் பிந்தைய வேலை.